இரண்டு டோக்கன்கள், ஒரு லெஸ்

என் கணவர் சின்ன ஒப்பந்ததாரர். மேம்பாலம் கட்டுகிற ஆள் இல்லை. மழைநீர்க் கால்வாய், பள்ளிக்கூடக் கழிப்பறை, தெருமுனையில் சிறுபாலம், அவ்வளவுதான். அம்பத்தூரிலிருந்து ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் அவர் போட்ட கால்வாய் எங்காவது ஓரிடத்தில் ஓடும். பஸ்ஸில் போகும்போது கழுத்தை நீட்டி அதைக் காட்டுவார். சாக்கடையைக் காட்டிப் பெருமைப்படுகிற ஒரே மனுஷன் என் வீட்டில்தான் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் சிமென்ட் அவருக்கு, கம்ப்யூட்டர் எனக்கு. கல்யாணத்துக்கு முன்னால் முகப்பேரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் நான். டெண்டர் எல்லாம் ஆன்லைனுக்கு வந்த புதிதில் அவர் மௌஸைப் பூச்சுக் கரண்டி மாதிரி பிடித்துத் தேய்த்ததைப் பார்த்துவிட்டு, எழுந்திருங்கள் என்று நாற்காலியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவருடைய கையெழுத்து என் கையில். பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதைச் செருகிக் கடவுச்சொல்லை அடித்தால்தான் கையெழுத்து விழும்.

என்னிடம் இருந்தது இரண்டு டோக்கன். இன்னொன்று கணவருடைய நண்பருடையது. இருவரும் கொத்தனார் வேலையில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகவே ஒப்பந்ததாரர் ஆனவர்கள். ஒருவரை ஒருவர் "மாமே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இல்லை. அதனால் அந்தச் சொல்லை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இரண்டு டோக்கனும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

இனி ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். டெண்டர் அறிவிப்பு வந்தால், நகராட்சி இன்ஜினியரிங் பிரிவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். இந்த வேலை யாருடைய முறை என்று பேசி முடிப்பார்கள். வேலைக்கு நகராட்சி ஒரு மதிப்பீடு போட்டிருக்கும். முறைக்காரர் அதைவிட ஒரு சதவீதம் குறைத்து 'லெஸ்' என்று போடுவார். மற்றவர்களில் இருவர் துணைக்கு 'எக்சஸ்' போட்டு, கூடுதலாகக் கேட்பார்கள். ஒரே ஆள் போட்டால் டெண்டர் ரத்தாகிவிடும் என்பதற்காக அந்தத் துணை. இது சட்டப்படி குற்றம். எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "சண்ட இல்லாம பொழச்சிகினு கீறோம், இதுல இன்னா தப்பு?" என்பார் கணவர். நான் கத்துவேன். கத்திவிட்டு அதே கையால் இரண்டு பேர் டெண்டரையும் ஏற்றுவேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில் அண்ணாவின் சொந்தத் தெருவுக்குக் கால்வாய் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தெருத் தண்ணீர் அவர் வீட்டுச் சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஐப்பசியில் அவர் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். "பச்சக் கொயந்தைய தூக்கிகினு கட்டில் மேலயே குந்திகினு இருக்கணுமா? நானே போடறேன் தங்கச்சி. எந்தெருவுக்கு எங்கையாலே வாட்டம் பாத்துப் போடறேன்" என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. தெருமுனையில் வைக்கிற பலகையில் ஒப்பந்ததாரர் என்று தன் பெயர் இருக்கும், மகள் வரும்போது பார்ப்பாள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

டீக்கடையில் யாரும் மறுக்கவில்லை. அண்ணா லெஸ் ஒன்று. பூந்தமல்லிக்காரர் ஒருவர் எக்சஸ் மூன்று. என் கணவர் எக்சஸ் நான்கு.

கடைசி நாள் மூன்று மணிக்கு டெண்டர் இணையதளம் மூடும். நான் ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். விலைப்பட்டியலில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை அமுக்கினால் லெஸ், எக்சஸ் என்று இரண்டும் விழும், ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் எண்ணை அடிக்க வேண்டும். அண்ணாவுடையதை முடித்தேன். டோக்கனை மாற்றிச் செருகினேன். அடுப்பில் குக்கர் நான்காவது விசில் அடித்தது. கை தன் பழக்கத்தில் மறுபடியும் லெஸ்ஸை அமுக்கியது. நான்கு என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, எழுந்து போய்க் குக்கரை அணைத்தேன். திரும்பி வந்து பார்க்கவில்லை. பதினாறு வயசுப் பிள்ளைகளிடம், அனுப்பும் முன் ஒரு தடவை படி என்று தொண்டை கிழியக் கத்திய டீச்சர் நான்.

மறுநாள் மாலை விலையைத் திறந்தார்கள். வீட்டிலிருந்தே திரையில் பார்த்தேன். முதலிடத்தில், எல்லாரையும் விடக் குறைந்த விலைக்கு, என் கணவர் பெயர். லெஸ் நான்கு. அதற்குக் கீழே அண்ணா. எங்கள் வாழ்நாளில் நாங்கள் போட்ட ஒரே நேர்மையான டெண்டர் அதுதான் என்பது பிறகு ஒரு நாள் தோன்றி எனக்கே சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் வந்ததும் அழுதேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவனாண்ட நான்தான்னு சொல்லிட்டேன். என் வாய் தவறி லெஸ்ஸுன்னு உன்னாண்ட சொல்லிட்டேன்னு சொன்னேன். நீ வாயத் தொறக்காத" என்றார். வேண்டாம் என்று விலகினால் கட்டிய டெபாசிட் போய்விடும், மறு டெண்டர் வைத்து முடிப்பதற்குள் மழைக்காலமே வந்துவிடும். வேலையை நீயே எடுத்துச் செய் என்று அண்ணாவிடம் கேட்டும் பார்த்திருக்கிறார். "உம் பேர்ல கீற வேலய நா எதுக்கு செய்யணும்? நீயே செய்" என்று சொல்லிவிட்டு அண்ணா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. கணவருடைய போனை அண்ணா எடுப்பதில்லை. எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இருபது வருஷ நட்பை ஒரு விரலால் அமுக்கிக் கெடுத்துவிட்டேன் என்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். டோக்கனை வாங்கிவர ஆள் அனுப்புவார் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். யாரும் வரவில்லை. டப்பாவைத் திறந்து பார்ப்பேன். இரண்டும் அப்படியே கிடக்கும்.

ஆவணியில் வேலை தொடங்கியது. பலகையில் என் கணவர் பெயர். ஒரு நாள் டீ எடுத்துக்கொண்டு நானும் போனேன். அண்ணா தன் வீட்டு வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் அப்படித்தான் என்றார்கள் வேலையாட்கள். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்புவதில்லையாம்.

கணவர் புதிதாகப் போட்ட அடித்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடியது, யோசித்தது, திரும்பி வந்து அண்ணா வீட்டுக்கு நேராக நின்றது. பேப்பர் கீழே விழுந்தது.

"டேய், இன்னாடா வாட்டம் புட்ச்சிகீற? என் ஊட்டுக்கே திருப்பி உட்ற!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாய்க்குள் குதித்தார். என் கணவர் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூபின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். மதியம் வரை ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஏத்து, இறக்கு என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணா மேலே ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணா, லெஸ் போட்டது நான். அவர் தப்பாச் சொல்லல" என்றேன்.

"தெரியும்மா" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "உம் புருசன் என்னிக்கி அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய தொட்டான்? அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?"

அவர் கையை லுங்கியில் துடைத்தார். "வேல போனதுல வருத்தம்தான், இல்லேங்கல. ஆனா அவன் என்னாண்ட பொய் சொன்னாம் பாரு. உன்ன நான் திட்டிடுவேன்னு நெனச்சிக்கினான் பாரு. என் தங்கச்சிய நான் திட்டுவனா? அத அவன் எப்டி நெனைக்கலாம்?"

நடுத்தெருவில் நின்று அழுதேன். வேலையாட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த நாள் அது.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. பேத்தியும் வந்தாள். தெருத் தண்ணீர் அந்த வீட்டு வாசலைக் கடந்து தன் வழியே போனது. அண்ணா வாசலில் குடை பிடித்து நின்று, அது போவதைக் குழந்தைக்குக் காட்டினார்.

தை மாதம் பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு ஒரு டெண்டர் வந்தது. டோக்கன் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் துணைக்கு ஒன்று என்று யாராவது சொன்னால் இரண்டையும் கிணற்றில் போடுவேன் என்றேன். கணவரும் அண்ணாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி, ரெண்டு பேரும் லெஸ்ஸே போடறோம். எவனுக்கு வருதோ வரட்டும்" என்றார் அண்ணா. எத்தனை சதவீதம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன்.

அண்ணா சமையலறை வாசலுக்கு வந்து தன் எண்ணை என் காதில் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். "அவன் என்ன உட கம்மியாத்தான போட்டுகீறான்? அவனுக்கே வருமில்ல?" என்று கேட்டார். நான் கரண்டியால் கூடத்தைக் காட்டினேன்.

அவர் போனதும் கணவர் வந்தார். எண்ணைச் சொன்னார். அவரும் நின்றார். அதே கேள்வியைக் கேட்டார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் மூன்று தடவை படித்தேன்.