பெட்டிக்குள் நின்ற மண் பிள்ளை

மாலை நாலு இருபது. பள்ளி வேன் வந்து நின்றது. என் மகள் இறங்கவில்லை.

“பாப்பா அய்யனார் கோயில் வெலக்குலயே எறங்கிருச்சுங்க. அம்மா அங்கிட்டு நிக்கிறாங்கன்னுச்சு” என்ற டிரைவர், அவள் இருக்கையில் விட்டுப்போன அட்டைப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

டயோரமா. போன வாரம் அந்தச் சொல்லைப் பள்ளியிலிருந்து அவள்தான் கொண்டுவந்தாள். அகராதியில் தேடிச் சொன்னேன்: கிரேக்க வேர்களிலிருந்து வந்தது, ‘ஊடாகப் பார்ப்பது’ என்று பொருள். பெரிய அரங்கில், திரையில் தீட்டிய காட்சிமீது வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டியதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு பெட்டிக்குள் அமைக்கும் குட்டிக் காட்சியாகச் சுருங்கிவிட்டது.

“அப்ப ஓட்டை போடணும்மா” என்று செருப்புப் பெட்டியின் பக்கவாட்டில் துளையிட்டாள். உள்ளே எங்கள் ஊர். கண்ணாடித் துண்டில் கண்மாய், துடைப்பக்குச்சியில் பனைமரங்கள்.

இன்று காலையில்தான் அந்தத் துளை வழியே பார்த்தேன். கண்மாய்க்கரையில் விரல் நீள மண் பிள்ளை நின்றது. மூன்று வயதில் அவள் காய்ச்சலில் பிழைத்தபோது, நேர்ந்துகொண்டபடி அய்யனாருக்கு நான் வைத்த பொம்மை.

“சாமிக்குக் குடுத்தத எடுக்கலாமாடி?”

“அது நாந்தான்னு நீதானம்மா சொன்னே. என் ஊருல நான் நிக்க வேணாமா?”

“வாயாடாத. சாயங்காலம் வா, ஒனக்கு இருக்கு.”

அந்தப் பேச்சோடு வேனில் ஏறியவள்தான்.

இப்போது தெருவில் நின்றபடி மறுபடி துளையில் கண்ணை வைத்தேன். கரையில் பசைத் தடம் மட்டும் இருந்தது. பிள்ளை இல்லை.

ஸ்கூட்டியில் கோயிலுக்குப் பறந்தேன். மண் குதிரைகளுக்கு நடுவே ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். அவளும் இல்லை, பொம்மையும் இல்லை. பின்னால் கண்மாய், இந்த மழைக்கு நிரம்பிக் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி கரையைப் பார்த்து ஓடினேன்.

கரைமேல் இரண்டு தலைகள் தெரிந்தன. கோயிலுக்குப் பொம்மை செய்யும் வேளார், ஒரு கையால் என் மகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருவருக்கும் முழங்கை வரை களிமண்.

“திட்டாதீங்க ஆத்தா. பெட்டியில இருந்து பிக்கையில பொம்மைக்குக் கால் ஒடிஞ்சு போச்சாம். ஒட்டித் தாங்கன்னு வந்து நின்னுச்சு. ஒட்டுனத சாமிக்கு வைக்கிறதில்ல, புதுசுதான் வைக்கணும்னேன்.”

மறு கையை விரித்தார். ஈர மண்ணில் இரண்டு உருவங்கள், ஒன்று சற்று உயரம்.

“ஒண்ணு போதுமேன்னேன். தனியா நின்னா அது பயப்படும், எங்கம்மாவையும் பக்கத்துல வைங்கன்னுருச்சு.”