ரப்பர் பொய் சொல்லாது

டயரை முதலில் மோந்து பார்ப்பார் அத்தான். அதற்குப் பிறகுதான் கடைக்காரருக்கு வணக்கம்.

பினாங்கு ரோட்டில் பழனியப்பனின் மோட்டார் சாமான் கடை வாசலில் புது டயர்கள் கயிற்றில் தொங்கும். ஒன்றை இரண்டு கையாலும் இறக்கி, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். அடுத்தது வலது கட்டைவிரல் நகம். அதை ரப்பரில் அழுத்தி எடுத்து, தடம் மறைகிறதா என்று பார்ப்பார். கடைசியில் டயரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கறுத்த டயருக்குள் வெளிச்சம் புகாது என்று பழனியப்பன் பலமுறை சொல்லியாயிற்று.

“அண்ணே, வாங்க வந்தீங்களா, மோந்து பாக்க வந்தீங்களா? நாளைக்கு இத வாங்குறவன் உங்க மூச்சோட இல்ல ஓட்டணும்!”

“ரப்பர் பொய் சொல்லாது லா, பழனியப்பன். மனுசன்தான் சொல்லுவான்.”

இராயப்பன் என் அக்கா சவுந்தரத்தின் கணவர். எனக்கு அத்தான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு ரப்பர் கிட்டங்கியில் தரம் பிரிக்கிறார். தோட்டங்களிலிருந்து வரும் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் தூசியும் குமிழும் தெரியும். மோந்தால் பூஞ்சை தெரியும். நகம் வைத்தால் வேகாத இடம் தெரியும். அந்த வேலையில் அவர் சொன்னது சொன்னதுதான். கப்பல் கம்பெனிக்காரர்கள்கூட மறுப்பதில்லை. ரப்பர் தெரிந்தவனுக்கு டயர் தெரியும் என்று அவர் முடிவு கட்டியதில்தான் எங்கள் வீட்டுத் தொல்லை தொடங்கியது.

டயரின் முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளங்களும் கோடுகளும் அவர் கணக்கில் வருவதே இல்லை. “அது கோலம். வீட்டோட உறுதி கோலத்துலயா இருக்கு?” என்பார்.

அவருடைய கார் பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம். ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரை விட்டுப்போனது. கூரை என்று ஒரு கித்தான் உண்டு. மழைக்கு அது போடும் வேலை, தண்ணீரை ஒரே இடத்தில் சேர்த்து மடியில் ஊற்றுவது. காற்றுக்காகக் கண்ணில் மாட்டும் தோல்பட்டைக் கண்ணாடியை அத்தான் கோயிலுக்குள்ளும் கழற்றாமல் நெற்றிக்கு ஏற்றிவைத்திருப்பார். நற்கருணை வாங்கப் போகும்போதும் அப்படியே. கண்ணைச் சுற்றி இரண்டு வளையம் பதிந்த முகத்தோடு அவர் கைகூப்பி நிற்கையில், பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் எனக்குச் செபம் மறந்துபோகும்.

இந்தக் கார் கிட்டங்கிக்குப் போகிறது, பாசாருக்குப் போகிறது, பூசைக்குப் போகிறது. வருடத்துக்கு ஒரு முறை தீவிலிருந்து படகேறி அக்கரைக்கும் போகிறது. பத்து காவான் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்மண் போட்டு இறுக்கிய வட்டப் பாதையில் மோட்டார் சங்கத்தார் போட்டி வைக்கிறார்கள். போன வருடம் அத்தானுக்குப் பின்னால் வந்தது ஒரே ஒரு கார். அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்குச் சங்கத்தார் கொடுத்த எண் பதினொன்று. வெள்ளைத் துணியில் அக்கா சிவப்பு நூலால் அதைத் தைத்துக் கொடுத்தாள். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அந்தத் துணியைக் காரின் மூக்கில் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போகத் தொடங்கிவிடுவார்.

ஆக, ஒரே கார் நனைந்த ஊர்த் தெருவிலும் ஓடவேண்டும், போட்டிப் பாதையிலும் ஓடவேண்டும். டயர்க் கம்பெனிகளின் ஆங்கிலப் புத்தகங்களைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் பாடம் சொல்லிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் டயர்ப் பாடம்.

விஷயம் சிக்கலே இல்லை. பள்ளம் ஆழமாக வெட்டிய டயர், தரையிலுள்ள தண்ணீரை அந்தப் பள்ளத்தின் வழியாக வெளியே தள்ளிவிட்டுத் தெருவைப் பிடிக்கும். ஆனால் காய்ந்த பாதையில் வேகமாக ஓடினால் சூடேறி நெளியும். மெல்லிய கோடு மட்டும் போட்ட கடினமான டயர், காய்ந்த பாதையில் பறக்கும். மழையில் தண்ணீரின்மேல் வழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றை வாங்கினால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

“விட்டுக்குடுன்னு சொல்ல அவன் யாரு?” என்றார் அத்தான். “அவன் ஊர்ல பெய்யிறது மழையா? தூறல்!”

“மழைன்னா இன்னும் மோசம்தானே, அத்தான்?”

“நீ படி.”

நான் படித்தேன். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகை டயர் போடவேண்டும், கலக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கு அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். “நாலு விக்கணும்னு நெனைக்கிறவன் அப்படித்தான் லா எழுதுவான்.”

இந்தப் படிப்பெல்லாம் எதற்கென்றால், அக்கா அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

பழைய டயர்கள் நான்கும் அவள் எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தன. “மந்திரிச்ச டயரு, சறுக்காது” என்று அத்தான் அவற்றை மாற்றாமல் வைத்திருந்தார். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவில் சாமியார் காரைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தது உண்மைதான். திருவிழாவுக்குப் பின் வந்த முதல் பெருமழையில், பூசை முடிந்து வரும்போது, டிராம் தண்டவாளத்தின்மேல் கார் வழுக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சாக்கடை விளிம்பில் நின்றது. அக்காவின் பக்கத்துச் சக்கரத்துக்குக் கீழே தரை இல்லை.

அவள் அழவில்லை. அத்தான் பக்கமாக ஏறி இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீடு வரை நடந்தாள். அத்தான் பின்னாலேயே விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். “பின்னால இடது பக்கம் மட்கார்டு மறைச்சிருச்சு. அந்த டயர்ல தீர்த்தம் படல, சவுந்தரம்.”

“சாமியார் டயருக்கா மந்திரிச்சாரு? உள்ள உக்காந்திருக்கிற பொம்பளைக்கு மந்திரிச்சாரு. நாலும் ஒரே மாதிரி நல்ல டயரா போடுங்க. அப்ப ஏறுறேன்.”

“ரேசு முடியட்டுமே.”

“முடியட்டும். அதுவரைக்கும் எனக்குக் காலு இருக்கு.”

கல்யாணமான நாள் முதல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோயிலுக்குப் போனவள். அந்த இருக்கை காலியாகவே ஊர் சுற்றுவதை எல்லாரும் பார்த்தார்கள். அத்தானுக்கு அது உறைக்காமல் இல்லை. காலி இருக்கையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஓட்டினார். ஆனாலும் பழனியப்பன் கடையில் மோந்து பார்ப்பதுதான் நீண்டுகொண்டே போனது. மழை டயரை எடுத்தால் போட்டி போயிற்று. போட்டி டயரை எடுத்தால் மனைவி போயிற்று. இதற்கு அவர் கண்டுபிடித்த வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் தெரிந்துகொண்டோம்.

நானும் அக்காவும் ஒரே குடையில் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். பச்சைக் கார் எங்களோடு நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது.

“ஏறு சவுந்தரம். நனையிற.”

“நான் நனையல. நீங்கதான் பெட்ரோல கொட்டுறீங்க.”

“புது டயரு.”

“நாலுமா?”

அத்தான் நேரே பார்த்து ஓட்டினார். “மழைக்கு ரெண்டு, ரேசுக்கு ரெண்டு.”

அக்கா நின்றாள். காரும் நின்றது. “எது எங்க?”

“முன்னால மழை. பின்னால ரேசு. நாலும் நல்ல சரக்கு, நானே மோந்து எடுத்தேன்.”

“ஒரு கால்ல சப்பாத்து, ஒரு கால்ல செருப்பு மாட்டிக்கிட்டு கிட்டங்கிக்குப் போவீங்களா?”

“தோதா இருந்தா போவேன்.”

பின்னால் ஒரு ரிக்ஷாக்காரன் மணியடித்தான். எதிர்ச்சாரியில் போன அமலம்மாள், கோயிலில் எங்களுக்கு முன்வரிசைக்காரி, குடையைத் தூக்கிக் கத்தினாள்: “என்ன இராயப்பன், சப்பரமா இழுக்கிறீங்க? பாட்டு ஒண்ணுதான் கொறைச்சல்!”

அத்தான் என்னைப் பார்த்தார். “கேத்தரின் பொய் சொல்லமாட்டா. அவ ஏறிப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா, நீ ஏறுவியா?”

“அவ சொல்லட்டும்,” என்றாள் அக்கா.

‘மாட்டேன்’ என்று சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் தெரியும். இரண்டையும் விட்டுவிட்டுத் தலையை ஆட்டினேன்.

அடுத்த மழைக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன். கித்தான் என் முழங்காலில் ஊற்றியது. அத்தான் உற்சாகமாக இருந்தார். வளைவுகளில் முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. “பாத்தியா? பாத்தியா?” என்று என் பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டார். தெருவைப் பாருங்கள் என்று இரண்டு முறை சொன்னேன்.

டத்தோ கிராமட் சாலையில் தண்டவாளம் குறுக்கே வந்தது. முன் சக்கரங்கள் அதைத் தாண்டின. பின் சக்கரங்கள் தாண்டவில்லை. அவை தண்டவாளத்தோடு போக ஆசைப்பட்டன. மழையும் கடைவரிசையும் மரங்களும் என்னைச் சுற்றி ஒன்றரை முறை வந்தன. நின்றபோது வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் மூக்குக்கு நேரே டிராம்.

டிராம் ஓட்டி தமிழர். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். காரின் மூக்கில் கட்டியிருந்த எண்ணைப் படித்தார். “அண்ணே, பதினொண்ணு! போறீங்களா, வர்றீங்களா? நீங்கதான் ஒதுங்கணும். நான் ஒதுங்க முடியாது பாருங்க, கம்பியில நிக்கிறேன்.”

டிராமுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தான் இறங்கினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கொட்டும் மழையில் பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயரை மோந்து பார்த்தார்.

“நல்ல சரக்குதான்,” என்றார் டிராமைப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு துண்டைக் கொடுத்தாள். அத்தான் கதவுக்குப் பக்கத்தில், தீர்ப்புக்கு நிற்பவர்போல நின்றார்.

“எப்படி இருந்துச்சு?” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

“முன்னால நல்லாத்தான் போச்சுக்கா,” என்றேன். “பின்னால வேற ஊருக்குப் போயிருச்சு.”

அக்கா என் குடையை வாங்கி உதறி, ஞாயிற்றுக்கிழமைக்கு எடுக்க வசதியாக வாசல் ஆணியில் மாட்டினாள். சமையலறைக்குப் போகும்போது, “கேத்தரின் எங்கூடப் பொறந்தவ, ஞாபகம் இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல் அத்தான் சாப்பாட்டு மேசையில் டயரைப் பற்றிப் பேசவில்லை. நான் அதைத் திருந்தியதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஏதாவது கலவையை யோசிக்கிறார் என்றே நினைத்தேன். இடது பக்கம் மழை, வலது பக்கம் ரேசு. அவர் செய்யக்கூடியவர்தான்.

போட்டி நாள் ஞாயிறு. விடிகாலையிலிருந்தே மழை. அக்கரைக்குக் காரை ஏற்றும் படகும் முதல் பூசையும் ஒரே நேரத்தில். அத்தான் எழுந்து போய்விட்டிருந்தார். படகுத்துறைக்குத்தான் என்று அக்காவும் நினைத்திருக்க வேண்டும்; மணியைப் பார்த்தாள், முக்காட்டை எடுத்தாள். பின்கட்டில், கோழிகள் முட்டையிடும் பழைய டயர் அடுக்கின்மேல் அந்த ரேசு டயர் இரண்டும் ஏறியிருந்ததை நான் பார்த்தேன். மந்திரித்த பொருளை விற்கக்கூடாது என்று அந்த நான்கை அங்கே போட்டுவைத்திருக்கிறார். இந்த இரண்டை யாரும் மந்திரிக்கவில்லை. ஆனாலும் விற்க மனமில்லை.

வாசலில் பச்சைக் கார் நின்றது. மூக்கில் பதினொன்று நனைந்து தொங்கியது. அத்தான் உள்ளே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எதிரே எதையோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொப்பி அவர் தலையில் இருந்தது.

அக்கா குடையோடு காரைச் சுற்றி வந்தாள். முன் சக்கரத்தில் குனிந்தாள். அவர் செய்வதுபோலவே கட்டைவிரலை வைத்தாள். ஆனால் ரப்பரில் அழுத்தவில்லை, பள்ளத்துக்குள் நகம் எவ்வளவு ஆழம் போகிறதென்று பார்த்தாள். அடுத்தது பின் சக்கரம். மறுபக்கம் பின் சக்கரம், முன் சக்கரம். ஒவ்வொன்றுக்கும் குனிந்தாள். நான்கும் ஒன்றுபோல.

“கோலம் நல்லாருக்கு,” என்றாள்.

அத்தான் கதவைத் திறந்துவிட்டார். அவள் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். உட்கார்ந்த உடனே கித்தான் தன் வேலையைக் காட்டியது.

“இது ஒழுகுது.”

அத்தான் இறங்கி மழையில் முன்பக்கம் போனார். நனைந்து இறுகிப்போன முடிச்சை அந்தக் கட்டைவிரல் நகத்தால் கிளறி அவிழ்த்தார். துணியைப் பிழிந்து, நான்காக மடிக்கப் போனவர், நிறுத்தி, இரண்டாக மட்டும் மடித்து, அக்காவின் மடியில் விரித்தார், பதினொன்று மேலே தெரியும்படி.