அப்பா உயரத்துக்கு ஒரு கம்பி

திண்டுக்கல் வீட்டுக் குளியலறையில், வாளி வைக்கிற இடத்துக்கு மேலே, சுவரோடு ஒரு ஸ்டீல் கம்பி இருக்கிறது. வழுக்காமல் பிடித்துக்கொள்ள நான் வைக்கச் சொன்னது. பிளம்பர் வந்த அன்று அப்பாவைச் சுவரோரமாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அப்பா நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். கடைசிவரை அந்தக் கம்பியை அவர் பிடிக்கவேயில்லை. ஈரத்துண்டைத்தான் காயப்போட்டார்.

நான் வாக்கப்பட்டது ஒட்டன்சத்திரத்தில். வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் கடை. சனிக்கிழமை பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து, மறுநாள் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவேன். அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? இப்படி வந்துபோகிற பார்வையில்தான் அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நானே கண்டுபிடித்தேன். பெரிய டாக்டர் நான்!

முதலில் கண்ணில் பட்டது செபமாலை. எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். ஒருவர் மன்றாட்டின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லுவோம். ஒரு தடவைக்கு ஒரு மணியாக விரலில் நகர்த்தி, பத்து தடவை ஆனதும் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று முடித்து, அடுத்த பத்தை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். மூன்றாம் பத்து அம்மாவுடையது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். திடீரென்று பார்த்தால், மூச்சு வாங்க வாங்க, எல்லாப் பத்தையும் அப்பாவே சொல்லிக்கொண்டு போகிறார். அம்மா பக்கத்தில் பின்பாதியை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். மனுசன் அடுத்தவருக்கு விட மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் எல்லாமே மறதியாகத்தான் பட்டது. முந்தின வாரம் வாங்கிய துவரம்பருப்பையே மறுபடியும் வாங்கிவந்தார். கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். திண்டுக்கல்காரர் வீட்டில் பூட்டுக்கா பஞ்சம் என்று சிரித்தேனே தவிர, எதற்குப் பூட்டு என்று கேட்கவில்லை. அம்மா சமைக்கும்போது அடுப்படி வாசலிலேயே நிற்பார். இந்த வயசுல பொண்டாட்டிய விட்டுச் செத்த நேரம் நகர மாட்டீங்களோ என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

ராவும் பகலும் போனில் தேடித் தேடிப் படித்தேன். கம்பி வந்தது, வழுக்காத மிதியடி வந்தது, கிழமை போட்ட மாத்திரை டப்பா வந்தது. என் போன் நம்பரை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன். ஒட்டன்சத்திரம் வீட்டில் முன்னறையை ஒழித்துப் போட்டாகிவிட்டது, இரண்டு பேரையும் கூட்டிப்போய்விடலாம் என்று ஏற்பாடு. அம்மாதான் இருக்கிறாளே, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள் என்ற தைரியம் எனக்கு. அவளை உட்காரவைத்து, எந்த மாத்திரை எப்போது என்று விலாவாரியாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் பத்து முடிந்ததும் அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்ததை ஆரம்பிக்கப் போனார். அவர் கையைப் பிடித்து, மூன்றாம் பத்து அம்மாவுடையது அல்லவா, அவளே சொல்லட்டும் என்றேன். அப்பா காது கேட்காதவர் மாதிரி இருந்தார். நான் விடவில்லை. அம்மா தானாகவே தொடங்கினாள். அதே குரல், அதே இழுவை, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பத்து முடிந்தது. அம்மா "பிதாவுக்கும்" சொல்லி முடிக்கவில்லை. மறுபடியும் முன்பாதியைச் சொன்னாள். அப்பா பின்பாதியைச் சொன்னார். மறுபடியும். அவள் விரலைப் பார்த்தேன், ஒரே மணியைப் பிடித்தபடி நின்றிருந்தது. நிறுத்தச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது அப்பா என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை. அவள் சொல்லச் சொல்ல அவர் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளாகவே ஓய்ந்து, சோறு வடிக்கணுமே என்று எழுந்து போனாள்.

ராத்திரி அம்மா தூங்கினதும் அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். இடுப்புச் சாவியால் பூட்டைத் திறந்தார். ஒரு நாள் மத்தியானம் அம்மா இந்த வழியாகக் கிளம்பிப் போய், பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாளாம். முதலில் வாங்கிய பருப்பு முழுவதையும் ஒரே நாளில் ஊறப்போட்டுவிட்டாளாம். "எனக்குத்தான் மறதின்னு இருந்துட்டுப் போகட்டும்மா," என்றார். "அவளுக்குன்னு தெரிஞ்சா எல்லாரும் சேந்து அடுப்படியப் புடுங்கிருவீங்க. அது போச்சுன்னா அவ அம்புட்டுத்தான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் என்னை முட்டாளாக்கிவிட்டாரே என்று. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம் ஒன்றுமே புரியவில்லை. கம்பியும் டப்பாவும் ஒழித்த அறையும் யாருக்கு? அடுப்பை அவளிடம் விட்டால் உயிருக்கு ஆபத்து, பிடுங்கினால் அவளே இல்லை. அம்மாவைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. கூட்டிப்போவதையும் தள்ளிப்போட்டேன். அப்பா அடுப்படி வாசலில் நின்றார், அம்மா சமைத்தாள். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன ஈஸ்டருக்கு முன்னால், தவக்காலத்தின் தொடக்கத்தில் அப்பா நெஞ்சுவலி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. நான் செய்துவைத்த எந்த ஏற்பாடும் அவருக்குத் தேவைப்படவில்லை. இப்போது நான் திண்டுக்கல்லிலேயே இருக்கிறேன். மார்க்கெட் லீவு நாளில் வீட்டுக்காரர் வந்துபோகிறார். அம்மா கரண்டியைப் பிடித்தால் வாசலில் நான் நிற்கிறேன். சாயங்காலம் அவள் சொல்லச் சொல்ல, ஓய்கிறவரை பதில் சொல்கிறேன். கம்பியில் அப்பாவின் துண்டு அப்படியே கிடக்கிறது, எடுத்தால் அம்மா தேடுகிறாள்.

முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிற அவளுக்கு அந்தக் கம்பி எட்டாது. குளிக்கும்போது என் தோளைத்தான் பிடித்துக்கொள்வாள். போன வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்து, இம்புட்டு உசரத்தில் யாருக்கு இது என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைக் கிட்டத்தில் இழுத்தாள்.

"அவருக்கு மறதி வந்துருச்சும்மா. செபமாலையில எல்லாப் பத்தையும் அவரே சொல்லிக்கிட்டுப் போயிருவாரு. நானும் வாயத் தொறக்கல. சொன்னா மனசு ஒடிஞ்சிருவாரு, பாவம். நீயும் காட்டிக்காத."

"சரிம்மா, காட்டிக்கல," என்றேன். கம்பியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.