நான்கு மூலைகளிலும் மஞ்சள்

என் கணவர் கூடைப்பந்து அட்டைகள் சேர்ப்பவர். எல்லா ஆட்டக்காரர்களுடையதும் அல்ல, ஒரே ஒருவருடையது. அந்த ஆட்டக்காரரின் பெயரை எங்கள் வீட்டில் சொல்வதில்லை. "அந்தாள்" என்றால் போதும். "அந்தாளின்ர ஒண்டு ஸ்காபரோவில வந்திருக்காம், ஓடிப்போட்டு வாறன்" என்று சனிக்கிழமை காலையில் காரை எடுப்பார். பத்து மணிக்குப் போனவர் இரண்டு மணிக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையோடு வருவார். பாலும் பாணும் வாங்க மறந்திருப்பார்.

அவருக்கு இது பத்து வயதில் தொடங்கிய பழக்கம். அவர்கள் குடும்பம் ஊரை விட்டு வந்து இறங்கியது ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். லிப்டுக்குள் நின்ற பையன்கள் அட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தார்களாம். ஆங்கிலம் பிடிபடாத அந்த வருடத்தில், அட்டையின் பின்பக்கத்தில் இருந்த புள்ளிக்கணக்கை மட்டும் அவரால் முழுதாக வாசிக்க முடிந்தது. அப்படித்தான் அந்தாள் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

திருமணமான புதிதில் எனக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. பிறகு, எதையும் ஒழுங்கில்லாமல் விட எனக்கு மனம் வராது என்பதால், அவருடைய அட்டைகளுக்குக் கணினியில் ஒரு பட்டியல் செய்து கொடுத்தேன். எந்த ஆண்டு, யார் அச்சிட்டது, மூலைகள் எப்படி, ஓரங்கள் எப்படி என்று தனித்தனிக் கட்டங்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரி நீண்ட காலம் வெறுமையாக இருந்தது. அந்தாள் ஆட வந்த முதல் ஆண்டின் அட்டை.

அதை அவர் இரண்டு தடவை வாங்கியிருக்கிறார். இரண்டும் போலி. பழைய அட்டைகளை அமெரிக்காவில் ஓர் இடத்துக்கு அனுப்பினால், அவர்கள் உண்மையானதா என்று சோதித்து, பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, திறக்க முடியாத பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். அவருடைய இரண்டும் எண் இல்லாமல் திரும்பி வந்தன. இரண்டாவது தடவை, தபாலைப் பிரித்த பிறகு அவர் வீட்டுக்கு வெளியே நின்ற காரில் போய் நெடுநேரம் தனியே இருந்தார். நான் மேல்மாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டலாமா, வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவரே வந்துவிட்டார்.

மூன்றாவது அட்டை யூனியன்வில்லில் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளைக்காரர், வீட்டை விற்றுச் சின்ன இடத்துக்குப் போகிறார். மகன் சிறுவனாக இருந்தபோது தானே பொதி பிரித்து எடுத்த அட்டை என்றார். நாங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டார். பிள்ளைக்கு எட்டு மாதம். தன் தோட்டத்துத் தக்காளியை அவளுக்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அட்டை ஒரு தடித்த அகராதியின் நடுவில், மேசை லாச்சிக்குள் இருந்தது. இத்தனை வருடமும் இது பகல் வெளிச்சம் கண்டதில்லை என்று சொல்லித்தான் என் கணவரின் கையில் கொடுத்தார்.

காரில் ஏறியதும் நான் கேட்டேன்.

"பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தனீங்களோ?"

"அவற்ற முகத்துக்கு முன்னால எப்பிடியப்பா கண்ணாடியை எடுக்கிறது? மனுசன் தக்காளி வெட்டித் தருது."

"ஒரு படமாவது எடுத்தனீங்களோ?"

"இது சரியான சாமான். எனக்குத் தெரியும். மாதக் கடைசியில காட் கடைக்காரர் எல்லாற்றயும் சேர்த்து அனுப்பேக்க இதையும் குடுக்கிறன். அதுவரைக்கும் நான் திறக்கவே மாட்டன். எனக்குப் பயமாக் கிடக்கு."

அவருக்குப் பயம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த இரவு பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று பார்க்க எழுந்த ஒவ்வொரு தடவையும், மூன்றாவதும் போலியாக இருந்தால் என்ன செய்வார் என்றும் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் புது உடுப்பு எதுவும் மஞ்சள் படாமல் உடம்பில் ஏறாது. அம்மா அப்படி வளர்த்தாள். துளி மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால் ஒரு மூலையில் தொட்டு வைப்பது. கடுதாசியாக இருந்தால் நான்கு மூலையிலும். கலியாண அட்டைக்கு, சாதகக் குறிப்புக்கு, ஏன், என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்கும் வைத்தோம். நான் படித்தவள். உயிர்வேதியியல் பட்டம் இருக்கிறது. மஞ்சள் ஓர் அட்டையை உண்மையாக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு அட்டைகளுக்கும் நாங்கள் வைக்கவில்லை என்பது வியாழக்கிழமை காலையில் தேங்காய்ச் சம்பலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது.

கையை இரண்டு தரம் கழுவினேன். நன்றாகத் துடைத்தேன். முதலில் பிளாஸ்டிக் உறையின் மேல் வைக்கத்தான் போனேன். உறைக்கு வைத்தால் உறைக்குத்தானே சேரும் என்று தோன்றியது. அட்டையை வெளியே எடுத்து, வெள்ளை ஓரத்தின் நான்கு மூலையிலும், கடுகளவுதான், தொட்டு வைத்தேன். காய்ந்ததும் தட்டிவிடலாம் என்று நினைத்தேன். நாற்பது வருடத்துக் கடுதாசி. அது குடித்துவிட்டது.

அட்டைக்கு எண் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மூலைகளைத்தான். இது எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கட்டத்தை நான்தானே பட்டியலில் போட்டேன்! மூலை கூராக இருக்கிறதா, மழுங்கிவிட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள் என நினைத்திருந்தேன். அன்று இரவு சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"மூலையில சின்னக் கறை எண்டா என்ன செய்வினம்?"

"கதை முடிஞ்சுது. ஏன்?"

"பட்டியலுக்கு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் சோறு இருந்தது, பிள்ளை அழுதாள் என்று இப்போது காரணம் சொல்லலாம். உண்மையில் அவர் காரில் தனியே இருந்தது என் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் பூங்காவில் பக்கத்து வீட்டு அன்ரியைப் பிடித்தேன். கறைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"அன்ரி, ஒரு காட்டில மஞ்சள் பட்டிட்டுது. எப்பிடிப் போக்கிறது?"

"என்ன காட்? கலியாணக் காட்டோ?"

"இல்லை அன்ரி, வேற."

"கலியாணக் காட்டெண்டா நாங்களே பூசிறம். நீ ஏன் பிள்ளை அழிக்கிறாய்? கலியாணம் குழம்பிப் போச்சோ?"

"ஐயோ அன்ரி, ஒருத்தருக்கும் கலியாணம் இல்லை."

"அப்ப சரி. உன்ர பிள்ளையின்ர சட்டையில மஞ்சள் பட்டா என்ன செய்வாய்? தோய்ச்சாலும் போகாது. வெயில்ல போடு. தன்பாட்டில பறந்திடும்."

சரிதான். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும். அதற்கு என் பட்டமும் சாட்சி சொல்லும். ஆடி மாதம், நல்ல வெயில். பிள்ளையின் அறை ஜன்னல் தெற்கு நோக்கியது. கணவர் ஏழரைக்கு வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். பத்து மணிக்கு அட்டையை உறையோடு ஜன்னலில் சாய்த்து வைப்பேன், நான்கு மணிக்கு எடுத்து அவர் அட்டைகள் வைக்கும் பெட்டிக்குள் வைப்பேன். மறந்துபோவேனோ என்று போனில் மணி வைத்தேன். அதற்கு 'விற்றமின் துளி' என்று பெயர் கொடுத்தேன். ஒரு மாலை அவர் வேளைக்கே வந்து நின்றபோது அந்த மணி அடித்தது. "குடுத்தாச்சோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். எங்கள் ஐந்து வருட வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன முதல் முழுப் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் சொன்னவை பாதிப் பொய்கள்.

இருபது நாளுக்கு மேல் வைத்தேன். மேல் மூலைகள் இரண்டிலும் மஞ்சள் போயே போய்விட்டது. கீழ் மூலைகளில் ஜன்னல் சட்டத்தின் நிழல் விழுந்ததால் ஒரு மங்கல் மிச்சம் இருந்தது. பழைய கடுதாசிக்கு அவ்வளவு பழுப்பு இருக்கும்தானே என்று சமாதானம் ஆனேன். நான் பார்த்ததெல்லாம் மூலைகளை மட்டும்தான்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, கடைக்குக் கொண்டுபோவதற்கு முன், அவர் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடியை எடுத்து முதல் தடவையாக அட்டையை நிதானமாகப் பார்த்தார். நான் எதிரே பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"உதென்ன?" என்றார்.

நான் நிமிரவில்லை.

"இஞ்ச பாரும். அந்தாளின்ர சட்டை மேல ஒரு சிவப்பு, கீழ ஒரு சிவப்பு. நடுவில கோடு கீறின மாதிரி."

பார்த்தேன். கீழே இரத்தச் சிவப்பு. மேலே வெளிறிப்போன செங்கல் நிறம். ஜன்னல் சட்டத்தின் நிழல் விழுந்த இடம் அட்டையில் நேர்கோடாக நின்றது.

"இது வெயில்ல கிடந்த காட். வருசக் கணக்கா ஜன்னலில வைச்சிருக்கிறார். வெளிச்சமே படேல்லையாம்! அகராதிக்குள்ள இருந்ததாம்! நல்ல நாடகம். கீழ் மூலையும் பழுப்பு."

"அவர் அப்பிடியான ஆள் மாதிரித் தெரியேல்லை," என்றேன்.

"தக்காளி தந்தவுடன நல்லவரோ? நீர் எல்லாரையும் நம்புறீர். நானும் ஒழுங்காப் பாக்காமல், படமும் எடுக்காமல் விட்டன், என்ர மடத்தனம். கேக்காமல் விடமாட்டன்."

போனை எடுத்து மேசையில் வைத்து, நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார். மணி அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம். அந்த ஆசிரியர் வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டினேன். இல்லாவிட்டால் என்ன, இவர் நாளைக்கு எடுப்பார். என் நாற்காலியைப் பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்த மனிதரை, நான் மறைத்ததற்காக, பொய்யன் என்று என் கணவர் சொல்லப் போகிறார்.

"ஹலோ?" என்றது கிழவரின் குரல்.

"நான்தான் வெயில்ல வைச்சனான்," என்றேன். கஞ்சிக் கரண்டி கையில் இருந்தது. "மஞ்சள் பூசினனான். அது போகட்டும் எண்டு ஜன்னலில வைச்சனான். அவர் ஒண்டும் செய்யேல்லை."

கிழவர் இரண்டாம் தரம் ஹலோ சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்தார். சுகம் விசாரித்தார். அட்டையை இன்று சோதனைக்கு அனுப்புகிறேன், அதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றார். கிழவருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. என்ன எண் கிடைக்கிறது என்று தனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார். பிறகு தக்காளிக்கு அணில் செய்த அநியாயத்தைப் பத்து நிமிடம் சொன்னார். அவ்வளவு நேரமும் என் கணவர் "இஸ் இற்? ரியலி?" என்று சொல்லிக்கொண்டு என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன் வைக்கப்பட்டது.

"எத்தினை மூலைக்கு?"

"நாலுக்கும்."

"ஒண்டைத் தன்னும் விட்டிருக்கக் கூடாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நல்லவேளை, நான் சிரிக்கவில்லை.

"வைச்ச அண்டைக்கே சொல்லியிருந்தா கறை மட்டும்தான்," என்றார். "இப்ப படமும் போச்சு."

அட்டையை உறையில் போட்டு, மற்றவற்றோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது பாலும் பாணும் மறக்காமல் வாங்கி வந்திருந்தார். அதைக் கண்டபோதுதான் அவருடைய கோபத்தின் அளவு எனக்கு விளங்கியது. ஒரு கிழமை பிள்ளையைப் பற்றி மட்டும் பேசினோம். எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள். பேச அவள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஐப்பசியில் பெட்டி வந்தது. இப்போதெல்லாம் வீட்டுக்கு வரும் பொதிகளை அவரே பிரிக்கிறார். நான் குசினிக்குள் நின்றுகொண்டேன். "சரியான சாமான்தான்" என்று அவர் சொல்வது கேட்டது. வெளியே வந்தேன். பெட்டியின் நெற்றியில் மூன்று என்று போட்டிருந்தது. பத்துக்கு மூன்று. குறைந்தது எட்டுக் கிடைத்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், பட்டியல் செய்தவள் நான். கிழவருக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே என்னிடம் நீட்டினார்.

"நீர் சொல்லும்."

சொன்னேன். மூன்று என்றதும் கிழவர், தன் லாச்சியில் ஈரம் இருந்திருக்குமோ, தான்தான் கெடுத்துவிட்டேனோ என்று தொடங்கினார். இடையில் மறித்து மஞ்சளையும் ஜன்னலையும் சொன்னேன். கிழவர், மஞ்சள் எதற்காக வைப்பது என்று கேட்டார். புதிதாக வருகிற பொருள் நல்லபடியாக இருக்கட்டும் என்பதற்காக என்றேன். ஏற்கெனவே இரண்டு தடவை போலி வந்ததையும் சொன்னேன்.

"இந்தத் தடவை உண்மையானதுதானே? அப்போ, அது வேலை செய்ததா?" என்று கேட்டார். கேலி இல்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் கணவர் மேசையில் இருந்தபடி பட்டியலைத் திறந்து, வெறுமையாக இருந்த வரியில் மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று கிழவரிடம் சொன்னேன். அகராதிக்குள் இருந்தபோதே அது உண்மையானதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்தபோது போனை வைத்துவிட்டிருந்தேன்.