மறுபாதியை நான் பாட மாட்டேன்

இன்று காலை பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குச் சங்கீதம் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதனால் என்ன? எங்கள் சபைப் பாட்டுக்குழுவில் பெண்கள் பக்கத்துக்கு முதல் குரல் நான்தான். ஒரு தடவை கேட்டால் போதும், பாட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் வாய் திறந்தால் முட்டம் கலங்கரை விளக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்ப்பான் என்று பாட்டு மாஸ்டரே சொல்லியிருக்கிறார். ஆண்கள் பக்கத்துக்கு முதல் குரல் என் வீட்டுக்காரர். அவருக்கும் சுமாராக வரும்.

ஒரு வருஷம், விளைந்ததைக் காணிக்கையாகக் கொடுத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு, மாஸ்டர் வேதத்திலுள்ள ஒரு சங்கீதத்துக்குப் புதிதாக ராகம் போட்டுக்கொண்டு வந்தார். எபிரேயப் பாட்டுக்கு அழகே இதுதானாம்: வரியின் முதல் பாதி சொன்னதை மறுபாதி வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லும். சில வரிகளில் மட்டும் நேர் எதிராகச் சொல்லும். அதனால் முதல் பாதி ஆண்களுக்கு, மறுபாதி பெண்களுக்கு.

அந்த வாரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர், முட்டையிட்டுக்கொண்டிருந்த என் புள்ளிக்கோழியைப் பண்டிகை ஏலத்துக்குத் தருவதாகச் சபையில் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு மட்டும் போட்டேன், கிறிஸ்தவளாயிற்றே.

ஒத்திகையில் கேட்டேன், "மாஸ்டரே, இந்த மனுசன் சொல்லுகதுக்கெல்லாம் நான் ஆமா போடணுமா?"

"ஏட்டி, அவன் சொல்லுகது இல்ல, வேதம் சொல்லுகது."

"வேதத்துல கோழியப் பத்தி என்ன போட்டிருக்கு?"

எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் சொன்னார், "அவளுக்கு அந்த எதிர்வரிய மட்டும் குடுங்க மாஸ்டரே. பிச்சு ஒதறுவா."

உதறினேன். பண்டிகையன்று அவர் நீதிமானைப் பற்றிப் பாடினார், துன்மார்க்கனைப் பற்றிப் பாட வேண்டியது நான். கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தே பாடினேன். பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசி வரி ஒத்துப்போகும் வரி. கர்த்தர் பொறுமையுள்ளவர் என்று அவர் பாட, கர்த்தர் மன்னிக்கிறவர் என்று நான் பாட வேண்டும். அந்நேரம் பார்த்து, ஏலச் சாமான்களின் நடுவே கால் கட்டிக் கிடந்த என் கோழி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். நான் எடுக்காமல் பின்னால் ஒருத்தியும் எடுக்க மாட்டாள். மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. கோயில் முழுக்கப் பார்த்தது.

அவர் அதே வரியை மறுபடி பாடினார், கொஞ்சம் தணிந்து. நான் கூரையைப் பார்த்தேன். மூன்றாம் தடவை அவர் குரல் உடைந்துவிட்டது. நாலு பேர் முன்னால் அந்த மனுஷன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. என் வாய் தானாகத் திறந்தது. பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

வெளியே போதகர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த வரிய மூணு தடவ வச்சீரே, அதுதான்வே பாட்டு!" மாஸ்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், மறுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சபையில் அந்த வரியை ஆண்கள் மூன்று தடவை பாடினால்தான் பெண்கள் பதில் சொல்வது என்று ஆகிவிட்டது. கோழியை என் வீட்டுக்காரரே ஏலத்தில் எடுத்து வந்தார். என்ன விலை என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவரும் இல்லை, மாஸ்டரும் இல்லை. கோயிலில் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்கிறார்கள். கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டால், திரையில் எழுத்து ஓட, இரண்டு பாதியையும் எல்லாரும் ஒரே மூச்சில் பாடி முடித்துவிடுகிறார்கள். பிணங்கிக்கொண்டு நிற்க அந்தப் பாட்டில் இப்போது இடமே இல்லை.