பென்சிலால் போட்ட அம்புக்குறி

அந்த ஆண்டின் நாட்குறிப்புக்கு நடுவில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. எங்கள் கல்லூரி மாணவர்கள் இலங்கைக்குப் போன கல்விப் பயணத்தின் நிகழ்ச்சி நிரல். நானே கணினியில் அடித்து, கீழே கையெழுத்திட்டது. ஆறு நாட்கள், இருபத்தொரு மாணவர்கள், உடன் செல்லும் ஆசிரியர்கள் இருவர். நான்காம் நாளுக்கான கட்டத்தில் இரண்டு வரிகள். 'காலை 9.30: சீதையம்மன் கோயில், பூங்கா' என்பது ஒன்று. 'பிற்பகல் 2.30: தேயிலைத் தொழிற்சாலை' என்பது மற்றொன்று. மேல்வரி கீழே போக வேண்டும், கீழ்வரி மேலே வர வேண்டும் என்று காட்டி, இரண்டுக்கும் நடுவே பென்சிலால் ஓர் அம்புக்குறி. விரல் நீளம்கூட இராது. ஸ்கேல் வைத்து, இரு முனையும் கூராக, சுத்தமாகப் போட்டிருக்கிறேன். நான் எதையும் அப்படித்தான் செய்வேன்.

உடன் வந்த மற்றவர் பொருளியல் ஆசிரியர். நான் வணிகவியல். கேரளத்துக் கல்லூரி வழக்கப்படி அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு 'டீச்சர்'. பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வேலை மாற்றலில் இடுக்கி மலைக்கு வந்தவள். அவர் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவர். அவரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அவர் பிறந்தது இலங்கையில் என்பதும், அந்தப் பயணத்தில் அவருக்கு என்ன இருந்தது என்பதும் எல்லாம் முடிந்த பிறகே தெரிந்துகொண்டவை. படிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சாருக்கு நான்கு வயதாக இருக்கும்போது, தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பும் இரு நாட்டு ஒப்பந்தப்படி, குடும்பம் அங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் மூத்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அக்கா அங்கேயே தங்கிவிட்டார். தாய் கொழுந்து பறிக்கப் போன நாட்களில் தம்பியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவர் அவர்தான். பிரிந்த பிறகு சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகி, யார் யாரையோ விசாரித்து, அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணுடைய கைபேசி எண் சாருக்குக் கிடைத்தது. முதல் நாள் திரையில் முகம் பார்த்தபோது அக்கா சொன்னாராம்: "மொகம் தெரியுது தம்பி. ஆனா ஒன்னயத் தொட்டுப் பாக்கணும்." எந்தப் பயணத்துக்கும் பெயர் கொடுக்காத சார், அந்த வருடம் உடன் வருவதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்த காரணம் அதுதான்.

கொச்சி விமான நிலையத்தில் அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே பனையோலையில் கட்டிய மறையூர் உருண்டை வெல்லம், பத்துப் பன்னிரண்டு இருக்கும். பரிசோதனையில் பையைத் திறக்கச் சொன்னபோது எங்கள் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"சார், படிக்கப் போறோமா, வெல்லம் விக்கப் போறோமா?"

"சாம்பிள்டா. ஆர்டர் கெடச்சா ஒன்னய மேனேஜரா போடுறேன். மொதல்ல நீ அரியர எழுதி பாஸாகு."

சார் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. என்னையும் பிள்ளைகள் விட்டுவைக்கவில்லை. "டீச்சர் கையில வாட்ச் இல்லடா, வாட்ச் கையிலதான் டீச்சர் இருக்காங்க" என்று பின்னிருக்கையில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அது உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. முதல் மூன்று நாட்களும் ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தன. ஆடைத் தொழிற்சாலை, மட்பாண்டக் கூடம், கண்டியில் பெரிய விகாரை என எல்லாவற்றுக்கும் புறப்பாடும் வருகையும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் மாலை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் காலையில்தான் ஓடும், பிற்பகலில் வந்தால் மூட்டை கட்டுவதை மட்டுமே பார்க்கலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. படிக்க வந்த பிள்ளைகளுக்கு மூட்டையைக் காட்டி என்ன பயன்? ஓட்டுநரும் பிற்பகலில் அந்தச் சாலையில் பனி இறங்கிவிடும் என்றார். நான் பென்சிலை எடுத்தேன். சார் அப்போது காய்ச்சலாக இருந்த ஒரு மாணவனுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தார். மறுநாள் காலை 7.10க்கு, சாப்பாட்டு மேசையில், மாற்றத்தை எல்லோருக்கும் அறிவித்தேன். சார் இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வெளியே போய்க் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பேருந்தின் படியருகே வந்து நின்று கேட்டார். "டீச்சர், கோயில முடிச்சுட்டு, மூணு மணிக்கு ஒருக்கா இந்த பேக்டரிப் பக்கம் வந்துட்டுப் போக முடியுமா? சொந்தக்காரங்க ஒருத்தங்க வாசலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காக."

நான் தாளைப் பார்த்தேன். "கோயில் அந்தப் பக்கம், பேக்டரி இந்தப் பக்கமுங்க சார். திரும்பி வந்தா ரெண்டு மணி நேரம் போயிருமுங்க. நாளைக்குக் காலைல எட்டரைக்குக் கொழும்புல தேயிலை ஏலத்துக்கு நிக்கோணும். அவுங்கள இப்பவே வரச் சொல்லீருங்களேன்."

"சரி டீச்சர்" என்றார். அவ்வளவுதான். ஒரே ஒரு தரம் கேட்டார்.

அக்கா அப்போது மலையில் இருந்தார். வயதான பிறகும் அவர் கொழுந்து பறிக்கப் போவதை விடவில்லை. மதியம் பறித்த கொழுந்தை எடை போடும் நிறுவை முடிந்ததும் அரை நாள் விடுப்புச் சொல்லிவைத்திருந்தார். பறிக்கும் மலையில் கைபேசிக்குச் சிக்னல் எட்டாது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே மலையில்தான் இருந்தார். தொழிற்சாலையில் எழுபத்தைந்து நிமிடம் இருந்தோம். உருட்டும் இயந்திரங்கள் சுழன்றன, பச்சைக் கொழுந்து எங்கள் கண் முன்னால் செம்புநிறமாக மாறியது, பிள்ளைகள் நல்ல கேள்விகளாகக் கேட்டார்கள். நான் நினைத்தபடியே எல்லாம் அமைந்தது. சார் மட்டும் உள்ளே வருவதும் வாசலுக்குப் போவதுமாக இருந்தார். ஒரு தோட்டப் பிரிவுக்கு அவர் வழி விசாரித்ததும் காவலாளி பதில் சொன்னதும் சன்னல் வழியே கேட்டன.

"அந்த டிவிஷனா சேர்? மலைக்கு அங்கிட்டு. போய்த் திரும்ப ரெண்டு மணித்தியாலம் போகும்."

புறப்படும்போது துணிப்பையைக் காவலாளியின் கையில் கொடுத்துவிட்டு வந்து, வழக்கம் போல் பிள்ளைகளை எண்ணினார். இருபத்தொன்று சரியாக இருந்தது. பிறகு கடைசி இருக்கைக்குப் போய், பின்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்றைய நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: '11.40 புறப்பாடு. குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக.' கீழே இன்னொரு வரி: '3.00 வழியில் தேநீர். சார் வேண்டாம் என்றார்.'

ஊர் திரும்பி, கொச்சியிலிருந்து மலையேறும் வண்டியில்தான் தெரிந்தது. தேவிகுளத்து மாணவி ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அம்மாவும் சாரின் மனைவியும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். "டீச்சர், சாரோட அக்கா வந்திருந்தாகளாம்" என்று தொடங்கி, மேலே நான் சொன்ன கதை முழுவதையும் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் அன்று மாலை எடுத்து அனுப்பிய படம், தாய் வழியாக அவள் கைபேசிக்கு வந்திருந்தது. காட்டினாள். தொழிற்சாலை வாசல். மடிப்புக் கலையாத நீலச் சேலை, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய நரைத்தலை. இரண்டேகாலுக்கே வந்தவர், வண்டி போய்விட்டது என்று காவலாளி சொல்லியும் நம்பாமல், ஐந்து மணிச் சங்கு ஊதும்வரை நின்றாராம். படத்தில் அந்தத் துணிப்பையை இடுப்பில் ஏற்றி, ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். வெல்லத்தை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

மறுநாள் கல்லூரியில் சாரின் மேசைக்குப் போனேன். "அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே சார். வண்டியத் திருப்பியிருப்பேனே."

சார் விடைத்தாளிலிருந்து கண்ணை எடுத்தார். கோபம் ஏதும் இல்லை. "கேட்டேனே டீச்சர்" என்றார்.

அடுத்த வருடமே போகலாம் என்று நான் உடனே புதிய நிரல் போட்டேன். ஒரு முழுப் பகலையும் ஒன்றும் எழுதாமல் சாருக்காக விட்டுவைத்திருந்தேன். அந்த வருடம் விமானங்கள் நின்றன, எல்லைகள் மூடின, கல்லூரியே பூட்டிக் கிடந்தது. மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார். சார் குடியிருந்த லயத்தில் கைபேசிக்குச் சிக்னல் எட்டாது என்பதால், சார் தேவிகுளம் சாலை வளைவில் குடை பிடித்து நின்றபடி அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்திருக்கிறார். ஜெபம் சொல்லும் சத்தம் வரும்போது படம் நின்றுவிடுமாம். படம் வரும்போது சத்தம் இராதாம்.

வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் துக்கம் விசாரிக்கப் போனேன். சார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "காப்பி குடிக்கிறீகளா டீச்சர்?" என்று கேட்டார். "வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். குடித்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் மலைக்காற்றில் வந்து விரல்கள் விறைத்திருந்தன. எங்கள் ஊரில் முதல் தரம் வேண்டாம் என்பது ஒரு மரியாதை. "அதெப்படிங்க, ஒரு வாய் குடிங்க" என்பார்கள். அதற்கும் வேண்டாம் என்போம். மூன்றாம் தரம் டம்ளர் கைக்கு வந்துவிடும். எங்கள் வயலில் வேலை செய்பவர்கள் விடுப்புக் கேட்டாலும் அப்படித்தான். முதல் தரம் கேட்பதை என் தந்தை காதில்கூடப் போட்டுக்கொள்ள மாட்டார். உண்மையிலேயே வேண்டுமென்றால் மறுபடி கேட்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சாரின் மனைவி "சரிங்க டீச்சர்" என்று பாத்திரத்தை மூடிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் காத்திருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

பேச்சு எப்படியோ அந்தப் பயணத்துக்கு வந்தது. "இவுக இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்தான்" என்றார். "கேக்க மாட்டாக. தோட்டத்துல ஆபீஸ் சன்னலுக்கு வெளிய நின்னு ஒருக்காத்தான் கேக்கணும். ரெண்டாந்தரம் கேட்டா மறுநா காலையில வேலைக்குப் பேர் கூப்பிடும்போது நம்ம பேரு இருக்காது. எங்க மாமா, இவுக அப்பாதான், இவுகள அடிச்சே பழக்கியிருக்காக. எங்கிட்டகூட சோறு ஒருக்காத்தான் கேப்பாக. காதுல விழலேன்னா எந்திரிச்சுப் போயிருவாக." சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதினோரு ஆண்டுகளாக அவர் என்னிடம் கேட்டவற்றை எல்லாம் பேருந்தில் திரும்பும்போது நினைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேர வகுப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒரு முறை. சன்னலோரத்து மேசை கிடைக்குமா என்று ஒரு முறை. இரண்டுக்கும் நான் பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன். அவசரம் இருந்தால் மறுபடி கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

சார் ஓய்வுபெற்ற நாளில், பாராட்டுக் கூட்டமெல்லாம் முடிந்து, கல்லூரி வாசலில் மூணாறு பேருந்துக்காக நின்றிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். மகள் வீடு திருப்பூரில் இருப்பதாகவும் அங்கேயே போய்விடப் போவதாகவும் சொன்னார். பேருந்து வளைவில் தெரிந்தபோது கேட்டேன். "அன்னைக்கு நான் பண்ணுனதுக்கு என்னய மன்னிச்சிருங்க சார்." அவர் பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். வண்டி வந்து நின்றது. "பஸ் வந்துருச்சு டீச்சர்" என்றார். ஏறி உட்கார்ந்ததும் சன்னல் வழியே கையை உயர்த்திக் காட்டினார். நேரம் 4.20.

இந்த ஆண்டு மறுபடி ஒரு வெளிநாட்டுப் பயணம். நிரல் தயாரிக்கும் பொறுப்பு மறுபடி எனக்கு. மாதிரிக்காகப் பழைய தாளை எடுத்து விரித்தேன். அச்செழுத்து மங்கத் தொடங்கியிருக்கிறது, பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அழிப்பானை எடுத்தேன், வைத்துவிட்டேன். சாரின் திருப்பூர் எண் என் கைபேசியில் இருக்கிறது. அவருடைய முறைப்படி நான் கேட்டாயிற்று. எங்கள் ஊர் முறைப்படி இன்னும் இரண்டு தரம் மீதி இருக்கிறது.