செக்-இன் போட்ட செய்தியாளர்

அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். இருபது வருடமாக நகரச் செய்தி எழுதுகிற பெண்மணி. எங்காவது தீ, விபத்து என்றால் மற்றவர்கள் பைக் சாவியைத் தேடுவார்கள். இவர் போனை எடுப்பார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் செயலியில் அந்தத் தெருவைத் திறந்து, அங்கிருந்து படம் போட்டவர்களைப் பொறுக்குவார். படத்தில் தெரியும் கடைப் பலகையை வரைபடத்தோடு ஒப்பிடாமல் ஒருவரையும் தொடர்புகொள்ள மாட்டார். வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு 'சம்பவ இடத்திலிருந்து' கதை அளப்பவர்களின் பாச்சா இவரிடம் பலிக்காது.

வாசகர்கள் தேடி வரட்டும் என்று, தான் போகும் இடங்களையும் அதே செயலியில் 'செக்-இன்' என்று போடுவார். ஒவ்வொரு முறையும் அழுத்தச் சோம்பல்பட்டு, தானாகவே பதிவாகும்படி வைத்துவிட்டார். உடைந்த குழாய், எரியாத விளக்கு என்று ஆட்கள் வந்து சொல்லவும் செய்தார்கள்.

ஒரு பெயிண்ட் ஆலையில், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே பின்கதவைப் பூட்டி வைக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. செவ்வாய் காலை மேலாளருக்குப் போன் செய்து கேட்டார். அவர் மறுத்தார். மாலையில், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் செய்தியாளரைப் பார்க்க இரண்டு தெரு தள்ளியிருந்த ஐஸ்கிரீம் கடைக்கு வந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பூட்டின் படத்தைக் காட்டினாள்.

"ரெண்டு பிள்ளைங்க படிக்குதுக்கா. இந்த வேலை போச்சுன்னா நடுத்தெருதான்."

"உன் பேரு எங்கயும் வராதும்மா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். குறிப்பில்கூடப் பெயர் எழுதவில்லை, குரலைப் பதிவு செய்யவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். பைக்குள் கிடந்த போன் அவர் பெயரையும் கடையின் பெயரையும் நாலு பத்து என்ற நேரத்தையும் ஊரறியப் போட்டுவிட்டது. காலையிலிருந்தே அவர் பக்கத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த மேலாளருக்கு அது போதும். அன்று நாலு மணிக்கு அனுமதி கேட்டு வெளியே போனது ஒருத்திதான்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"இனிமே வர வேணாம்னுட்டாங்கக்கா. உங்களைப் பாத்ததை எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொல்லல. கடைப் பேரைச் சொல்லிக் கேக்கறாங்க. அந்தக் கடைக்காரர்தான் போட்டுக் குடுத்திருப்பாரோ?"

செய்தியாளர் செயலியைத் திறந்தார். பதிவு அங்கேயே இருந்தது. பதினொரு பேர் லைக் போட்டிருந்தார்கள். 'இருக்கும்மா' என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்தப் பெண் நம்பியும் இருப்பாள்.

"அவர் இல்லம்மா," என்றார். "நான்தான் உன்னைக் காட்டிக் குடுத்துட்டேன்."